மூன்று குடும்பப் பெயர்களும் ஒரு கெட்டிக்காரியும்

நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை இன்றும் எனக்குப் பயமூட்டும். தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோ நகரில் "கொஸ்தூரா" என்ற பொலிஸ் அலுவலகத்தில், ஒன்பது வயதில், அம்மாவோடு வரிசையில் நின்றபோது பிடித்த பயம் அது. "பெர்மெஸ்ஸோ" என்ற வதிவிட அனுமதியில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் இத்தாலிய மொழியோ, லிபெர்த்தா தெருவில் அவர் பராமரித்த "சிஞ்ஞோரா" என்ற முதிய பெண்மணிக்கு மருந்து கொடுக்கத்தான் காணும். ஆகவே பேச வேண்டியவள் நான்.

"என்ரை பிள்ளை கெட்டிக்காரி. பயப்பிடாமல் கதைக்கவேணும், என்ன?" என்று வழி முழுக்க அம்மா சொல்லிக்கொண்டு வந்தார். பயப்படாதே என்று பத்துத் தரம் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது?

அதிகாரி கடவுச்சீட்டுகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். எங்கள் வழக்கப்படி அம்மாவின் பெயரோடு அவருடைய தகப்பன் பெயர், அப்பாவின் பெயரோடு அவருடைய தகப்பன் பெயர், என் பெயரோடு அப்பாவின் பெயர். ஒரு வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள்! "நீ உண்மையில் இவருடைய பிள்ளையா?" என்று என்னிடம் இத்தாலிய மொழியில் கேட்டார். அம்மாவிடமிருந்து என்னைப் பிடுங்கி எடுத்துவிடுவார்கள் என்றே நம்பினேன்.

"என்னவாம், பிள்ளை?"

"என்ரை வயசைக் கேக்கிறார், அம்மா."

படிவத்தின் பின்புறத்தில் பெயர்களை எழுதி, பிள்ளையிலிருந்து தகப்பனுக்கு ஒவ்வொரு கோடாக இழுத்துக் காட்டினேன். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு "பிராவா" என்று முத்திரை குத்தினார். கெட்டிக்காரி என்று பொருள்; தன்னைக் கட்டிலிலிருந்து நோகாமல் தூக்கினால் சிஞ்ஞோரா அம்மாவுக்குச் சொல்லும் சொல் அது. வெளியே வந்த பிறகுதான் பயத்தில் என் பாவாடை நனைந்திருப்பதைக் கண்டேன்.

கெட்டி என்றால் இறுக்கம், உறுதி. உடம்பின் உறுதியைச் சொன்ன சொல்லே மூளையின் திறமைக்கும் வந்தது என்று பின்னாளில் அகராதி பார்த்து அறிந்தேன். அன்று என்னிடம் உறுதியாக எதுவுமே இருக்கவில்லை.

அம்மா காலமாவதற்கு முந்திய ஆண்டு, வயதைக் கேட்டதாகச் சொன்ன அந்தப் பொய்யை அவரிடம் ஒப்புக்கொண்டேன். "எனக்கு அப்பவே விளங்கினது," என்றார். "நானும் பயந்தால் நீ கதைக்கமாட்டாய் எண்டு பேசாமல் நிண்டனான்."

இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "பிராவா" என்கிறார்கள். கெட்டிக்காரி என்று என்னை அழைக்க ஆளில்லை. அந்தப் பெயர் அம்மாவுக்குத்தான் உரியது என்று அவரிடம் நான் சொல்லாமலே இருந்துவிட்டேன்.