பதின்மூன்று சடை

உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டுவிட்டால் புஷ்பத்திடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஏறி நின்று, குதிரையின் பிடரிமயிரை மூன்று பிரியாகப் பிரித்துப் பின்னுவாள். நுனியில் நூல் சுற்றி, சடையைப் பாதிக்கு மடித்து, மறுபடியும் மடித்து, அடியோடு சேர்த்துத் தைத்து ஒரு மொட்டாக நிறுத்துவாள். காதோரம் தொடங்கித் தோள்பட்டை வரைக்கும் பதின்மூன்று மொட்டு. ஒவ்வொரு சடைக்கும் ஒரு அம்மன் பெயர் உண்டு. வாயில் ஊசி இருப்பதால் மூக்காலேயே முனகுவாள். முதல் சடை காமாட்சி, கடைசிச் சடை அங்காளம்மா. நடுவில் யாராவது "டீ குடிச்சியா?" என்று கேட்டுவிட்டால், எந்த அம்மனில் விட்டோம் என்று தெரியாமல் மறுபடியும் காமாட்சியிலிருந்து சொல்லிக்கொண்டு வருவாள்.

பட்டினப்பாக்கத்துக்காரி. வயது நாற்பத்தாறு, படிப்பு அஞ்சாம் வகுப்பு. அடையாற்றங்கரையோரம் இருக்கிற குதிரையேற்றப் பள்ளிக்கு லாயம் கூட்டிப் பெருக்க வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வந்த புதிதில், "மீன் வாடைக்குக் குதிரை மிரளும், தள்ளியே நில்லு" என்று ஆம்பிளைகள் சிரித்தார்கள். குதிரைகள் ஒன்றும் மிரளவில்லை. அதில் ஒன்று அவள் முந்தானையை மென்றுகொண்டு நின்றது.

லாயத்துக்கு மேஸ்திரி அன்வர் பாஷா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சீமைக் குதிரையின் கழுத்துச் சடையைச் செல்போனில் காட்டி, "நம்ம பசங்களுக்கு இது கைக்கே வரலம்மா" என்றார்.

புஷ்பம் போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இன்னா பாய் இது, பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க மடிச்சுக் கட்டுற சடை! எம்பொண்ணுங்க தீபிகாவுக்கும் சரண்யாவுக்கும் பன்னெண்டு வருசம் இதத்தான கட்டி அனுப்புனேன். ரிப்பன் ஒண்ணுதான் கொறச்சல்."

அன்றைக்கு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு ஊசியை எடுத்தவள்தான். ஆனாலும் பள்ளியின் பதிவேட்டில் போன மார்கழி வரைக்கும் அவள் பெருக்குகிறவள்தான். உள்ளூர்ப் பயிற்சிக்கு அவள் பின்னலாம். போட்டி என்று வந்தால் பெங்களூரிலிருந்து ஒரு ஆள் வருவார்.

அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. கண்ணுக்கு ஒரு துணி, மூக்குக்கு ஒரு துணி, வாலடிக்கு ஒரு துணி. மாற்றித் தொட்டவர்களை, "உங்க மூஞ்சிய அதுல தொடச்சா சும்மா இருப்பீங்களா?" என்பாள். வெள்ளைக் குதிரையின் வால் மஞ்சள் அடித்திருந்தால், வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம் கலந்த தண்ணீரில் அலசுவாள். குளம்புக்கு எண்ணெய் கடைசியில்தான், மைதானத்தில் இறங்குவதற்குச் சற்று முன்னால். முன்னாலேயே பூசினால் மண் ஒட்டிக்கொள்ளும். பிடரிக்கு மட்டும் போட்டிக்கு ஐந்து நாள் முன்பிருந்தே தண்ணீர் காட்டுவதில்லை. "அழுக்கு முடியிலதான் சடை புடிச்சிக்கினு நிக்கும். தலைக்குக் குளிச்ச முடி, வெரல்லயே நிக்காது."

போன மார்கழியில், உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஓட்டப் பந்தயம் இல்லை. கட்டம் கட்டிய மைதானத்துக்குள் குதிரை நடக்க வேண்டும், துள்ளுநடை போட வேண்டும், வட்டம் சுற்ற வேண்டும், சொன்ன இடத்தில் அசையாமல் நின்று வணங்க வேண்டும். ஏறியிருப்பவர் சொல்லுவது வெளியே தெரியவும் கூடாது. நடுவர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார். கழுத்தின் வளைவைச் சடைதான் எடுத்துக் காட்டும். ஒன்று அவிழ்ந்து தொங்கினாலும் பார்வை அங்கேதான் போய் நிற்கும்.

மல்லி என்கிற வெள்ளைக் குதிரையில் ஏறப் போகிறவர் மயிலாப்பூர் ஆடிட்டர் அனந்தராமன். ஐம்பத்தைந்து வயதில் குதிரையேற்றம் கற்றுக்கொண்டவர். முதல் போட்டியில் வட்டத்தை மறந்தார், இரண்டாவதில் தொப்பியை விட்டார். மூன்றாவதுக்கு, "புஷ்பமே பின்னட்டும், அவ கை பட்டாத்தான் மல்லி நிக்கறது" என்று பிடிவாதமாகக் கேட்டார். அன்வர் பாஷாவும் கூடச் சேர்ந்து சொன்னார். பள்ளியின் செயலாளர் சுரேஷ்குமார் அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டார்.

"பாரும்மா. சடை எல்லாம் கடைசி வரைக்கும் நின்னா, தை மாசப் பெரிய போட்டிக்கு ஆறு குதிரையும் உன் கையில. விளக்குமாற வேற ஆளுகிட்ட குடுத்துடலாம். ஒண்ணு அவுந்தாலும் பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"நிக்கும் சார்" என்றாள் புஷ்பம். அவ்வளவுதான் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, அம்மனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்து மல்லியின் பிடரியில் கை வைத்தாள். கை சறுக்கிக்கொண்டு போயிற்று. விரலை மோந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய். செம்பருத்தி போட்டுக் காய்ச்சியது.

அன்வர் பாஷா டார்ச்சை அடித்துப் பார்த்து, "யா அல்லா! காலுக்குப் போட வேண்டியத தலைக்குப் போட்டு வெச்சிக்கீறாங்களே" என்றார்.

யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கணவரோடு பிளாஸ்க்கும் கையுமாக வந்து இறங்கிய கோமளம் மாமி தானே சொல்லிவிட்டார். "நேத்து சாயங்காலம் வந்தேன் புஷ்பம். பாவம், முடியெல்லாம் நாராட்டம் கெடந்துது. ஆத்துல காச்சின எண்ணெயக் கொண்டுவந்து, நன்னா ஊறட்டும்னு அரை மணி தடவிண்டே இருந்தேன். எண்ணெ வெக்காம யாராவது தலை பின்னுவாளோ?"

சொல்லிவிட்டு மற்ற மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். "தப்புப் பண்ணிட்டேனா?"

"கோமளம்!" என்றார் ஆடிட்டர்.

"மாமிய ஒண்ணும் சொல்லாதீங்க சார்" என்றாள் புஷ்பம். "நானும் எம்பொண்ணுங்களுக்கு எண்ணெ வெச்சிதான் பின்னுனேன். ஆனா அது ரிப்பன்ல நிக்கும். இது ஊசியில நிக்கணும்."

"ஷாம்பு போட்டுக் கழுவிடலாமா?" என்று கேட்டார் அன்வர் பாஷா.

"கழுவுனா இன்னும் வழுக்கும் பாய். காயறதுக்கு வெயில் ஏறணும். எட்டு மணிக்குச் சார் உள்ள போவணும்." பிடரியை மறுபடியும் கோதிப் பார்த்தாள். பிறகு, "தவிடு எடுங்க" என்றாள்.

"திங்கிற தவிடா?"

"அதான். கோயில்ல வெள்ளிக்கெழம வெளக்கு தேய்க்கப் போறனே, எண்ணெப் பிசுக்குக்கு அங்க இன்னா போடறோம்? தவிடுதான். வெளக்குல போற எண்ணெ முடியில போவாதா?"

லாயத்துச் சமையல் கொட்டகையில் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, கோதுமைத் தவிட்டைக் கை பொறுக்கிற சூட்டுக்கு வறுத்தாள். இரண்டு கையாலும் அள்ளிப் பிடரியின் அடிவேரில் வைத்துத் தேய்த்தாள். தவிடு கருத்துக் கட்டி கட்டியாகக் கீழே விழுந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடியும் சூடாக ஒரு சட்டி. கோமளம் மாமி பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பண்டை உட்கார்ந்து வறுத்து வறுத்துக் கொடுத்தார். மல்லிக்கு இது ரொம்பச் சுகமாக இருந்தது போலிருக்கிறது. கீழே விழுந்ததை நக்கப் பார்த்தது. "எண்ணெத் தவிடுடி, வயித்துக்கு ஆவாது" என்று புஷ்பம் அதன் மூக்கைத் தள்ளிவிட்டாள்.

மூன்றாவது சட்டியின்போது சுரேஷ்குமார் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, குதிரைக்கு உப்புமாவா?" என்று கேட்டார். யாரும் சிரிக்காததால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்று போய்விட்டார்.

ஐந்தாவது சட்டியில்தான் மயிர் விரலில் சொரசொரத்தது. மணி ஆறரை. புஷ்பம் வாளியைக் கவிழ்த்தாள், ஊசியை உதட்டில் வைத்தாள். மந்தைவெளி செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கி மெழுகு ஏற்றிய வெள்ளை நூல். காமாட்சி, மீனாட்சி, கருமாரி. ஏழாவது சடை கொஞ்சம் நழுவியது. அதை முழுக்கப் பிரித்து, இன்னொரு பிடி தவிடு தேய்த்து, மறுபடி பின்னினாள். அவசரப்படவில்லை. அங்காளம்மாவை முடித்து நூலைப் பல்லால் அறுத்தபோது ஏழே முக்கால்.

"நிக்குமோன்னோ?" என்றார் மாமி. அவர் விரல் நகமெல்லாம் தவிடு.

"எங்க சரண்யா கபடி ஆடுன சடை மாமி இது. நிக்கும்."

ஆடிட்டர் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையுமாக ஏறி உட்கார்ந்தார். கடிவாளத்தை ஒரு தடவை விட்டுப் பிடித்தார். புஷ்பம் அவர் பூட்ஸைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, "சார், வட்டத்த நீங்க மறந்தாலும் மல்லி மறக்காது. நீங்க சும்மா நிமிந்து குந்துங்க, போதும்" என்றாள்.

மணி அடித்தது. மல்லி உள்ளே போயிற்று. மற்றவர்கள் ஆடிட்டரைப் பார்த்தார்கள், புஷ்பம் ஆடிட்டரைப் பார்க்கவேயில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மல்லியின் கழுத்தை மட்டும் பார்த்தாள். துள்ளுநடையில் பதின்மூன்று மொட்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. இரண்டாவது வட்டத்தில் ஈ ஒன்று காதில் உட்கார, மல்லி தலையைப் படபடவென்று உதறியது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். அன்வர் பாஷா வாய்க்குள் ஏதோ ஓதினார். உதறல் நின்றது. சடைகள் வைத்த இடத்தில் இருந்தன. கடைசியாக மல்லி நடுவில் வந்து நான்கு காலும் நேராக நின்றது. ஆடிட்டர் தொப்பி விழாமல் குனிந்து வணங்கினார்.

நூற்றுக்கு அறுபத்து மூன்று மதிப்பெண் என்று ஒலிபெருக்கி சொன்னது. போன தடவை நாற்பத்தொன்பது. மாமி அழுதுகொண்டே எல்லோருக்கும் காபி ஊற்றினார்.

சுரேஷ்குமார் செல்போனும் கையுமாகப் புல்தரையில் வேகமாக வந்தார். "புஷ்பம், தை மாசத்துக்கு ஆறும் நீயே பாரும்மா, சொன்னா சொன்னதுதான். இப்ப அந்தச் சடையோட ஒரு போட்டோ எடுத்துக்கறேன். குதிரைய இப்படி வெளிச்சத்துக்குத் திருப்பு."

புஷ்பம் அதற்குள் இடுப்பிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து முதல் சடையின் நூலை வெட்டியிருந்தாள். "ரெண்டு மணி நேரமா இறுக்கிக்கினு கீது சார், வேர் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு, மல்லியின் கயிற்றைச் செயலாளர் கையில் திணித்தாள். "இத கொஞ்சம் கெட்டியா புடிங்க." அவர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.