கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

லிஃப்ட் பாதி மாடியில் நின்றுவிட்டால்தான் அந்த மெக்கானிக்கின் ஞாபகம் எல்லோருக்கும் வரும். மற்ற நாளில் எதிரே வந்தாலும் யார் என்று கேட்பார்கள். நல்ல மனுஷர். அதிர்ந்து பேசமாட்டார், யாரையும் குறை சொல்லமாட்டார். ஒரே ஒரு கோளாறுதான். ரெடிமேடாகக் கிடைக்கிற எதையும் நம்பமாட்டார்.

அவர் வீட்டுச் சமையலறை அலமாரியைப் பலகை பலகையாக வாங்கி வந்து அவரேதான் பூட்டினார். பூட்டி முடித்தபோது கையில் ஒரு திருகாணி மிஞ்சியது. விடுவாரா? அலமாரி முழுவதையும் கழற்றி மறுபடி பூட்டினார். இந்தத் தடவை இரண்டு மிஞ்சின. அந்த இரண்டும் இன்றைக்கும் சர்க்கரை டப்பாவின் மூடிமேல்தான் இருக்கின்றன. தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. தினமும் அவற்றை நகர்த்தி வைத்துத் துடைத்தே அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

மனைவி, காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் டீச்சர். அந்தப் பிள்ளைகளுக்கு வீடியோ போட்டால் மட்டும் போதாது. கீழே எழுத்து ஓட வேண்டும், அப்போதுதான் அது பாடம். மழை எப்படி உண்டாகிறது என்கிற வீடியோவுக்கு வரி வரியாக டைப் அடித்து முடித்திருந்தார் டீச்சர். பள்ளிக்கூடத்துக்கே இருப்பது ஒரே டிவி. ஆறாம் வகுப்பு டீச்சரோடு மல்லுக்கட்டித்தான் அதைத் தன் வகுப்புக்குக் கொண்டுவந்திருந்தார். தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

"திங்கட்கிழமை நானே வந்து பார்ப்பேன். பிள்ளைங்க படிக்கிற மாதிரி ஓடணும். இல்லன்னா டிவி ஆறாம் வகுப்புக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் தன் கணினியில் இருந்த ஒரு புரோகிராமில் எழுத்தையும் வீடியோவையும் சேர்த்துப் போட்டுக் காட்டினார். டீச்சர் பார்த்தார். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. கால் எங்கேயோ தனியாக நடந்து போகிறது. தலைமேல் உட்கார வேண்டிய புள்ளி பக்கத்தில் மிதக்கிறது.

"ஏங்க, இது எனக்கே படிக்க வரல. பிள்ளைங்க எங்க படிக்கிறது?"

"எழுத்தைக் கோத்து வைக்கிற லைப்ரரி ஒண்ணு இருக்கும்மா. இந்தப் புரோகிராமை ரெடிமேடா குடுத்தவன் அதைச் சேர்க்காம விட்டுட்டான். சோர்ஸை இறக்கி நாமளே கம்பைல் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்."

சொல்லும்போதே மனுஷரின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. யார் யாரோ எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிற மூலத்தை எடுத்து, நம் கணினிக்குத் தகுந்தபடி நம் கையாலேயே புரோகிராமாகக் கட்டிக்கொள்ளலாம் என்றால், அலமாரியை இரண்டு தடவை பூட்டிய ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

டீச்சருக்குத்தான் பகீரென்றது. "பழசுமேல கை வைக்காதீங்க. போன தடவை நீங்க கை வெச்சதுல திரை கறுப்பாயி, என் கேள்வித்தாள் அத்தனையும் போச்சு. புதுசைத் தனியா எங்கயாவது வெச்சுக்குங்க."

"சரி, பழசைத் தொடமாட்டேன். போதுமா?"

வாக்குக் கொடுத்தபடியே தன் பேரில் ஒரு தனி ஃபோல்டர் திறந்து, புதிதாகக் கட்டுவதையெல்லாம் அதில் போட ஏற்பாடு செய்தார்.

தொடங்கியது தொல்லை. கட்ட ஆரம்பித்ததும் ஏதோ ஒரு துணை ஃபைல் இல்லை என்றது கணினி. அதை இறக்கினார். அதற்கு இன்னொன்று வேண்டுமாம். அதையும் இறக்கினார். அது பழைய வெர்ஷனாம், ஆகாதாம். புதியதைக் கொண்டுவந்தால், இவ்வளவு புதியது எனக்கு ஒத்துவராது என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. விருந்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் சித்தப்பா வராமல் வரமாட்டேன் என்கிறார், சித்தப்பாவோ மருமகன் வந்து அழைத்தால்தான் உண்டு என்கிறார். கணினியின் விசிறி வேறு கொதிக்கிற உலைபோல இரைந்துகொண்டிருந்தது. டீச்சர் வைத்த காபி மேலே ஆடை படிந்து அப்படியே ஆறிக் கிடந்தது.

நடுவில் டீச்சரின் தம்பி போன் செய்தார்.

"என்ன மாமா, அக்கா புலம்புறா? ரெடிமேடா வேற ஏதாவது இறக்கிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"மாப்ள, உனக்கு இட்லிமாவுலேர்ந்து கல்யாணம் வரைக்கும் எல்லாமே ரெடிமேடு. போனை வெச்சுட்டுப் போ."

ஒருவழியாகப் பிழை எதுவும் சொல்லாமல் வேலை முடிந்தது. டீச்சரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, புரோகிராமின் பெயரை அடித்து ஓடவிட்டார். வீடியோ வந்தது. மேகம் வந்தது. எழுத்து வந்தது.

"கொம்பு காலையில எங்க நின்னுச்சோ அங்கயேதான் நிக்குது," என்றார் டீச்சர்.

"இருக்காதே. லைப்ரரி சேர்ந்திருக்குன்னு அதுவே சொல்லுச்சே!"

"அது சொல்லுச்சு சரி, கொம்பு கேக்கலயே!"

கட்டியது அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினார். கொம்பு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இன்னொரு தடவை. அந்த லைப்ரரியையே தனியாக மூலத்திலிருந்து கட்டிச் சேர்த்து, மறுபடியும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் கணினி எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும். ஒவ்வொரு தடவையும் கால் தன்பாட்டுக்குத் தனியே நடந்து போகும். அதிர்ந்து பேசாத மனுஷர் மேஜையை ஓங்கிக் குத்தினார். டீச்சர் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவர் உள்ளே போய் அட்டைகளை வெட்டி, மழைப் பாடத்தைக் கையாலேயே பெரிய எழுத்தில் எழுத உட்கார்ந்துவிட்டார். டிவி போனதாகவே முடிவு செய்துவிட்டார் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வேலைக்கு அழைப்பு. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூடவில்லையாம். போகாமல் முடியுமா? எரிச்சலோடு பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரே பொத்தான். அழுத்தினால் எது பக்கத்தில் இருக்கிறதோ அது வரும். வலப்பக்க லிஃப்டில்தான் கோளாறு. கதவைச் சரிசெய்து, அதை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டு, கீழே நின்றபடி பொத்தானை அழுத்தினார். கீழேயே நின்றிருந்த இடப்பக்க லிஃப்ட் பளிச்சென்று கதவைத் திறந்தது.

"வந்துடுச்சு சார்! சரியாயிடுச்சு!" என்று வாட்ச்மேன் குதித்தார்.

"யோவ், இது நல்லா இருந்த லிஃப்ட்யா. நான் ரிப்பேர் பண்ணது அது. நல்லா இருக்கிறதை நிறுத்தி வைக்காம அழுத்தினா இதுதான் வந்து நிக்கும். ரிப்பேர் பண்ணது சரியாச்சா இல்லையான்னு எப்படித் தெ..."

அப்படியே நின்றுவிட்டார். இடப்பக்க லிஃப்ட் யாரும் ஏறாததால் பொறுமையாகக் கதவை மூடிக்கொண்டது.

"சார்? என்னாச்சு சார்?"

"ரெண்டு நாளா பழைய லிஃப்டையே கூப்பிட்டுட்டு இருந்திருக்கேன்யா," என்றார் மெக்கானிக்.

வாட்ச்மேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வெயில்ல வந்தீங்களா சார்? தண்ணி தரட்டுமா?"

புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் அவர் முதல் பாடமாகச் சொல்வதே, நல்லதை முதலில் நிறுத்து, பிறகு பொத்தானைத் தொடு என்பதுதான். அவரே இன்றைக்கு இடப்பக்க லிஃப்டை நிறுத்த மறந்திருந்தார். கணினியிலும் அதே கதைதான். புதியதைக் கொண்டுபோய்த் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்கிற பழையதுதானே எழுந்து வரும்? முதல் தடவை கட்டியதே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதையும் அழித்து, அதற்கு அடுத்ததையும் அழித்து... நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

இடப்பக்க லிஃப்டை நிறுத்தினார், வலப்பக்கத்தை வரவழைத்துப் பார்த்தார், வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புதிய புரோகிராமின் பெயரோடு அது இருக்கிற ஃபோல்டரின் முழு விலாசத்தையும் சேர்த்து அடித்தார். கொம்பு முன்னால் வந்து நின்றது. கால் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. புள்ளி தலைமேல் ஏறி உட்கார்ந்தது.

டீச்சர் கையில் கத்தரிக்கோலோடு வந்து பார்த்தார். ஒரு வரி படித்தார், அடுத்த வரியும் படித்தார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. சரியான ஆளைக் கூப்பிட்டேன்."

"அப்ப ரெண்டு நாளா?"

அவர் திரையைத் துடைக்க ஆரம்பித்தார். டீச்சர் பெருமூச்சு விட்டார். "வாக்குக் குடுத்தபடி பழசைத் தொடாம இருந்தீங்களே, அதுக்காகச் சும்மா விடுறேன். முதல்ல செருப்பைக் கழட்டுங்க."

திங்கட்கிழமை டீச்சர் அந்த வீடியோவைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். மெக்கானிக் ஏதோ ஒரு கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் குந்தியிருந்தபோது போன் அடித்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார்.

"டிவி நம்ம வகுப்புலதாங்க," என்றார் டீச்சர். அவர் குரலில் காலை முதல் அடக்கி வைத்திருந்த சிரிப்பு தெரிந்தது. "மேகம் வந்ததும் பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து கையால மழை பெய்ஞ்சு காட்டுச்சுங்க. தலைமையாசிரியை உக்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தாங்க. ஆறாம் வகுப்பு டீச்சர்கூட அவங்க பாடத்துக்கும் இந்த மாதிரி வேணும்னு கேக்குறாங்க."

"அவங்க கணினி எது? பழசா, புதுசா? சனிக்கிழமை நானே வந்து சோர்ஸை இறக்கி..."

"ஏங்க!" என்று டீச்சர் போட்ட சத்தம், கூண்டுக்குக் கீழே நின்றவர்களுக்கே கேட்டது. "வீட்டுல இருக்கிற கணினியிலயே எழுத்தைச் சேர்த்து, பென் டிரைவ்ல குடுத்தா போதும். நீங்க அங்க கால் வைக்கவே வேணாம்!"