ஒன்பது மாடி விண்கலத்தின் காற்றுக் குழாய்

என் அண்ணன் குழாய் வேலை செய்பவர். நானூறு வீடுகள் உள்ள குடியிருப்பு ஒன்றுக்கு அவர் ஒருவர்தான். அங்கே அவருக்கு ‘ராக்கெட்’ என்று பெயர். வேகமாக வருவார் என்பதால் வைத்த பெயர் இல்லை. யார் கூப்பிட்டாலும் அவர் நிதானமாகத்தான் போவார். வீட்டில் கம்ப்யூட்டரில் ராக்கெட் கட்டுகிறார் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது.

எல்லாம் ஒரு பாத்திரம் கழுவும் தொட்டியில் ஆரம்பித்தது. பதினோராம் மாடியில் அடைப்பு எடுக்கப் போன வீட்டில், ஆள் உயரத்துக்கு ஒரு விண்கலத்தின் படம் மாட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் தானே செய்தது என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், இதுல பாத்ரூம் எங்க இருக்கு?”

“வெளிப்பக்கம் மட்டும்தாங்க செஞ்சிருக்கேன். உள்ள ஒண்ணும் கிடையாது.”

அண்ணன் அந்த மென்பொருளின் பெயரை மட்டும் வாஷர் வந்த அட்டை ஒன்றின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. என் தையல் மெஷினும் அவருடைய கம்ப்யூட்டரும் ஒரே கூடத்தில்தான் இருக்கின்றன. நான் பொத்தான் தைக்கும்போது அவர் திருகாணி வைப்பார். கலத்தின் வெளிச்சுவரை ஒரே வாரத்தில் முடித்துவிட்டார். ஜன்னல்களுக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. பிறகு குழாய்களில் இறங்கினார், மூன்றரை வருடம் வெளியே வரவில்லை. தொட்டுப் பார்க்காத எதையும் அவரால் செய்ய முடியாது. பழைய குழாய் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மேசைமேல் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வரைக்கும் கம்ப்யூட்டரில் செய்வார். அந்த ரப்பரை யாரும் பார்க்கப் போவதில்லை. திரையில் குழாயைத் திறந்தால்தான் தெரியும், திறக்கவும் முடியாது.

கலத்தை அவர் ஒன்பது மாடிக் கட்டடம் மாதிரி நிமிர்த்திக் கட்டியிருந்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான். ஒருநாள் அவருடைய மகள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, விண்வெளியில கீழே மேலேன்னு ஒண்ணும் கிடையாது. தண்ணி எப்படி இறங்கும்?”

அண்ணன் முகம் வாடிப்போனது. அவள் பாவப்பட்டு, யோசித்துச் சொன்னாள்.

“என்ஜின் எந்நேரமும் ஓடிட்டே இருந்தா மட்டும் வால்பக்கம் கீழே மாதிரி இருக்கும். அப்ப சரியா வரும்.”

அன்றிலிருந்து அண்ணன் என்ஜினை நிறுத்தவில்லை. வாலில் எப்போதும் நீல நெருப்பு எரிந்தபடி இருக்கும்.

கலத்தின் மூக்கு உச்சியில், ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டு, தலையில் கம்பிவலைத் தொப்பியோடு நின்றது. எல்லா அடுக்குமாடிக் கட்டடத்திலும் மொட்டைமாடியில் அப்படி ஒன்று நிற்கும். கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மேல்மாடியில் யாராவது தண்ணீரைத் திறந்துவிட்டால் கீழ்மாடி வளைவுத் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு போய்விடும். போகாமல் இருக்கக் காற்று வர ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் அந்தக் குழாய்.

படம் எடுப்பதை ரெண்டர் என்கிறார்கள். ஒவ்வொரு திருகாணியின் மேலும் வெளிச்சம் எப்படி விழும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வரையும். அண்ணனின் கலத்துக்கு ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆனது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் சூடாக ஊதியது. அண்ணி அந்த இரண்டு நாளும் துண்டுகளை அங்கேதான் காயப் போட்டாள்.

வருடத்துக்கு ஒருமுறை இம்மாதிரிப் படங்களைச் சேர்த்து ஒரு குழு புத்தகம் போடுகிறது. மகள்தான் அனுப்பி வைத்தாள். ஒரு மாதம் கழித்துத் தொகுப்பாசிரியரான ஒரு அம்மாவிடமிருந்து மெயில் வந்தது. நடுப்பக்கம் இரண்டும் சேர்த்து அண்ணனின் படத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மூக்கிலுள்ள ஆன்டெனா மிகவும் அழகாக இருப்பதாக எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். அது எந்த வகை ஆன்டெனா என்று படத்துக்குக் கீழே போட ஒரு வரி தேவை.

அண்ணன் அந்த மெயிலை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை. மகள் கடைக்குப் போன நேரத்தில், தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதில் அனுப்பினார். ‘அம்மா, அது ஆன்டெனா இல்லை. ஒன்பது மாடிக் கழிப்பறைக்கும் சேர்த்து வைத்த வென்ட் பைப்.’

புதன்கிழமை சாயங்காலம் மறுபதில் வந்தது. வெளியே காற்றே இல்லாத இடத்தில் அப்படித் திறந்த குழாய் இருந்தால், உள்ளே இருப்பவர்களின் காற்று முழுவதும் அதன் வழியாகப் போய்விடும் என்று அந்த அம்மா மரியாதையாக எழுதியிருந்தார். ஆன்டெனா என்றே போட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறொருவர் படம் போகும்.

“ஆன்டெனான்னு சொல்லிடுங்க” என்றாள் அண்ணி. “அவங்களே கேட்டதுக்கு அப்புறம் உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“உள்ள பன்னெண்டு பேர் இருக்காங்க” என்றார் அண்ணன்.

“எங்க இருக்காங்க?”

“இருக்காங்கன்னு கணக்கு வெச்சுதான் பைப் போட்டிருக்கேன்.”

“நாலு வருஷமா அவங்க மூச்சு விட்டாங்களா இல்லையான்னு கேக்காத மனுஷன், இன்னிக்குக் கேக்குறாரு.”

குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் படம் எடுக்கலாம் என்றால் ஐம்பத்திரண்டு மணி நேரம் கையில் இல்லை. “படத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து போய், ஒழுகாத குளியலறைக் குழாயை இறுக்கினார்.

வியாழக்கிழமை அவர் வேலைக்கு லீவு சொன்னார். காலையிலிருந்து மாடி மாடியாக வேலை பார்த்தார். ஒவ்வொரு கழிப்பறைக் குழாயிலும், அறைக்குள்ளிருந்தே காற்றை இழுத்துக்கொண்டு தானாக மூடிக்கொள்ளும் சின்ன வால்வு ஒன்றைப் பொருத்தினார். புத்தகத்துக்குப் போகாவிட்டாலும் அவர்களை அப்படியே விட முடியாது என்றார். மதியம் ஒன்பதாம் மாடியும் முடிந்தது. வெளியே நீட்டியிருந்த குழாய்க்கு இப்போது வேலை இல்லை. ஆனால் படத்தில் அது இருக்கிறது, திறந்திருக்கிறது. அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தத் தொப்பியை மூன்று வருடமாகத் தெரியும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் உள்ளே இருட்டாகத்தான் தெரியும்.

“அந்த வலைக்குள்ள என்ன இருக்குண்ணா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல. பைப்போட வாய்.”

“படத்துல அது தெரியலையே.”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு படத்தைத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கறுப்புக் கட்டங்கள்தான் வந்தன. வாய் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு எண்ட் கேப் எடுத்தார். குழாயின் முனையை அடைக்கிற சாதாரண மூடி. அதை மேசைமேல் வைத்து, அளவு பார்த்து, கம்ப்யூட்டரில் செய்து, தொப்பிக்குள்ளே குழாயின் வாயில் பொருத்தினார். அரை மணி நேரத்தில் முடியும் வேலை. மரை சரியாக விழவில்லை என்று கழற்றி மறுபடி செய்ததில் சாயங்காலம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மகளைக் கூப்பிட்டு, உள்ளே மூடி போட்டாலும் படம் அப்படியேதான் இருக்கும் என்று, பழைய படத்தையே போடச் சொல்லி எழுதச் சொன்னார்.

“ஆன்டெனான்னு போடுவாங்கப்பா. பரவாயில்லையா?”

“போடட்டும். இனிமே அது வென்ட் பைப் இல்ல.”

“அப்ப அது அங்க என்னதான் பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணல. நிக்குது.”

புத்தகம் மழைக்காலத்தில் வந்தது. நடுப்பக்கத்தில் கலம் நீல நெருப்போடு நின்றது. கீழே ‘முனை ஆன்டெனா, பழைய வகை’ என்று ஒரு வரி. அண்ணி அதை வாய்விட்டுப் படித்தாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உச்சியில் இருந்த தொப்பிமேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். வீடுகளில் புது மூடி போட்டுவிட்டு அப்படித்தான் பார்ப்பார். பிறகு விரலைப் பார்த்தார்.

“கசியல” என்றார்.