இருளாயியின் உடவாடியா

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருளாயி கட்டிய ஒட்டு பிழைக்காமல் போனது அபூர்வம். நல்ல மரத்தின் மொட்டைத் தோலோடு சீவியெடுத்து, நாற்றின் தண்டில் பதித்து, பொலித்தீன் நாடாவை இழுத்துச் சுற்றினாள் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. பதினாறு வயதில் நர்சரி வேலைக்குப் போனவள். ஐம்பதை நெருங்கியும் ஒருநாள்கூட, வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டுக்குப் பிந்தியதில்லை. பேர் பதிய வரும் கங்காணிக்கு முன்பே களத்தில் நிற்பாள்.

1998இல் மறுநடுகைக்காகப் பழைய ரப்பர் மலையின் மரங்களை வெட்டினார்கள். எல்லையில் நின்ற பலாமரமும் சாய்ந்தது. அதன் கிளையில் இரண்டு விரல் உயரச் செடி ஒன்று பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணே இல்லாமல் மரத்தில் வாழும் பூச்செடி. சிங்களவர்கள் உடவாடியா என்பார்கள். கிளை விறகுக்குப் போவதற்குள் இருளாயி செடியைப் பெயர்த்து மடியில் கட்டிக்கொண்டாள்.

"குருவிச்சையை லயத்துக்குக் கொண்டாந்துட்டியா அக்கா? வீட்டுத் தூணை உறிஞ்சித் தின்னப் போகுது" என்றாள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஷாமிளா.

"தூணு எஸ்டேட்டோடது. தின்னட்டும்."

உள்ளே கட்டிலில் கிடந்த புருஷன் அழகமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தான். ரப்பர்ப் பால் வாளியோடு சறுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து அவனுக்கு உலகமே அந்த வாசல் அளவுதான்.

"பூக்குமா?"

"பூக்க வச்சுக் காட்டுறேன், பாரு" என்று வாய் விட்டுவிட்டாள்.

கைப்பழக்கம் சும்மா இருக்குமா? செடியை ஒரு கட்டையில் வைத்து, வேரெல்லாம் மறையப் பொலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்றினாள். ஒட்டுக்கு வழக்கம்போல மூன்று வாரம் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தபோது நாற்றம் மூக்கைத் துளைத்தது. வேர்கள் பழுப்பாகக் குழைந்திருந்தன. ஓர் இலை கையோடு வந்தது. கட்டையைப் புருஷனிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"ஏ புள்ள, எனக்குக் கீழ பிளாஸ்டிக் சீட்டப் போட்டு முதுகு வெந்து போச்சே, மறந்துட்டியா?" என்றான் அழகமுத்து. "கரவனெல்ல ஆஸ்பத்திரி நர்ஸு மிஸ்ஸி உன்னைய என்னா ஏச்சு ஏசுனாங்க! அந்தச் சீட்டத்தான் இதுக்கும் சுத்தியிருக்கே."

இருளாயி உடனே கத்தியை எடுத்தாள். அழுகியதை வெட்டியெறிந்தாள். ஒருநாள் காய விட்டாள். மிஞ்சிய இரண்டு வேரையும் பலாக்கட்டையில் படரவிட்டு, பழைய சேலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டி, அவன் கண்ணுக்கு நேரே தாழ்வாரத்தில் தொங்கவிட்டாள். காலையில் மட்டும் தண்ணீர் தெளித்தாள். மற்ற நேரம் தொடாமல் இருப்பதுதான் பெரும்பாடு. கை பரபரக்கும், கிட்டே போவாள்.

"கைய எடு!" என்று கட்டிலிலிருந்து அதட்டல் வரும்.

மழை பிடித்த பிறகு ஒருநாள் வேரின் நுனியில் பச்சை தெரிந்தது.

"ஷாமிளா! ஓடியா! வேரு விட்டிருக்கு!"

"பேரப்புள்ள பொறந்த மாதிரியில்ல கத்துற!" என்று ஏசிக்கொண்டே ஓடிவந்த ஷாமிளா, குனிந்து பார்த்தவள் நிமிரவேயில்லை.

அடுத்த வெசாக் பண்டிகை நெருங்கும்போது இலையிடுக்கில் காம்பு எட்டிப் பார்த்தது. அதில் அரிசிமணி போல ஐந்து மொட்டு. குனிய முடிந்த எல்லாரும் வந்து குனிந்து பார்த்தார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு காலை, பெரட்டுக்குப் பாதி வழி போனவளை அழகமுத்துவின் குரல் எட்டிப் பிடித்தது.

"இருளாயீ! வெடிச்சிருச்சுடீ!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பி ஓடினாள். கட்டைவிரல் நகத்தளவு வெள்ளைப் பூ. நடுவில் ஊதா நாக்கு. மூச்சு பட்டு உதிர்ந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கட்டையைக் கழற்றிக் கொண்டுபோய் அவன் முகத்தருகே பிடித்தாள். அவனும் வாயைப் பொத்திக்கொண்டான்.

பெரட்டு கலைந்து, கங்காணியே தேடி வந்துவிட்டார்.

"நர்சரியில நாத்து காயுது, நீ இங்க பூப் பாக்குறியா? இன்னைக்கு அரைப்பேருதான், அரைநாள் சம்பளந்தான்!"

"போடுங்க கங்காணி. இதப் பாத்துட்டுப் போய்ப் போடுங்க."

கங்காணி குனிந்தார். விரல் தானாக நீண்டது.

"தொடாதீங்க!" புருஷனும் பெண்சாதியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

விரலை மடக்கிக்கொண்டு அவர் இன்னும் குனிந்தார்.

"இன்னும் நாலு மொட்டு இருக்குங்க கங்காணி" என்றான் அழகமுத்து. "நாளைக்கும் பிந்தித்தான் வருவா. இப்பவே சொல்லிட்டேன்."