துபாய் போகிறவர்கள் பட்டியல்

கொச்சியில் அந்த ஏலக்காய் ஏற்றுமதி அலுவலகத்தில் சுகுணனுக்குப் பதினெட்டு வருடம். பின்ஸிக்கு எட்டே மாதம். முதலாளி வர்க்கிச்சன் எதற்கெடுத்தாலும் பின்ஸியைக் கேட்கச் சொன்னதில், அவள் சிரித்தால்கூடச் சுகுணனுக்கு வயிறு எரிந்தது.

அன்று காலை, துபாய்க் கண்காட்சிக்குப் போகிறவர்கள் பட்டியல் என்று இணைப்போடு ஒரு மின்னஞ்சல் வந்தது. வர்க்கிச்சன் எந்தப் பட்டியலையும் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டுகிறவர். அது தெரிந்தும், அவள் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் சுகுணனால் இருக்க முடியவில்லை. திறந்தான். பட்டியல் இல்லை, கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளத் தொடங்கின.

வேறு வழியில்லாமல் பின்ஸியைக் கூப்பிட்டான். அவள் ஓடிவந்து இணைய வயரைப் பிடுங்கினாள்.

"மத்த மெஷினுக்குப் பரவல, சேட்டா. அனுப்பினவன் முகவரியக்கூடவா பாக்கல?"

"ஏதோ அவசரத்துல..."

"என் பேரத் தேடுற அவசரமா?"

வர்க்கிச்சன் எட்டிப் பார்த்தார். "என்ன அங்க சத்தம்?"

"வைரஸ் சார். சேட்டன் உடனே கூப்பிட்டதால தப்பிச்சோம்" என்றாள் பின்ஸி.

இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கா வாய்க்க வேண்டும் என்று சுகுணன் பொருமினான்.