ரசீதுக்காக நின்ற காலை

காலை 8.10. ஆரப்பாளையத்தில் ஏறிய அலங்காநல்லூர் பேருந்தில் எனக்கு மட்டும் டிக்கெட். பக்கத்தில் இருந்த செல்விக்குக் கட்டணமில்லை. கே.கே. நகர்க்காரர். காவல் நிலையத்துக்கு வரும் எளிய மனிதர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறார். அதைப் பற்றி எழுதச் சென்னையிலிருந்து வந்தவன் நான். வைகையைத் தாண்டியதும் விளைந்த நெல்லின் மஞ்சள் ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஓரமா உக்காந்து எழுதுவேன் சார். பேசக் கூடாது. பேசிட்டா அது ஆய்வே இல்ல" என்றார்.

9.20. ஊர்ப்பெயர் வேண்டாம். சின்ன நிலையம், வாசலில் வேம்பு. அனுமதி வாங்கி மூன்று வாரமாக வருகிறார். யார் எப்போது வந்தார், உட்காரச் சொன்னார்களா, மனுவுக்கு ரசீது தந்தார்களா, எல்லாம் மணியோடு நோட்டில் ஏறும்.

9.35க்குப் பாண்டியம்மா வந்தார். கூலிக்கு நடவு நட்ட குடும்பம். இப்போது அரை ஏக்கர் சொந்தம். வயலுக்குப் போகும் பாதையில் பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி போட்டுவிட்டார். நாளை அறுவடை மிஷின் வருகிறது. பாதை இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

"பேசி முடிச்சுக்கங்க. இல்லன்னா நாளைக்கு வாங்க" என்றார் மனுவை வாங்கி வைத்த தலைமைக் காவலர்.

"நான் வருவேன் ஏட்டையா. நெல்லு காத்துக் கெடக்குமா?"

ஓரிடத்தில் அரைமணி இருக்கமாட்டாத நான் மூன்று முறை டீக்குப் போய்வந்தேன். பாண்டியம்மா அதே இடத்தில் நின்றார்.

11.05. பாண்டியம்மா செல்வியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வந்ததுலருந்து அம்புட்டு எழுதுற. எனக்கு ஒரு ரசீது எழுத இங்க ஆளில்ல. நான் நிக்கிறத எழுதத்தான் நீ இருக்கியா?"

செல்வியின் பேனா நின்றது. எழுந்து தலைமைக் காவலரிடம் போனார்.

"அண்ணே, மனு வாங்குனா ரசீது குடுக்கணும். போட்டுக் குடுங்க."

"பேச மாட்டேன்னுதானே மேடம் உக்காந்தீங்க?"

"ஆமாண்ணே. பேசிட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருவிழா பந்தோபஸ்து முடித்து வந்த சிவந்த கண்கள். நாற்காலியைப் பாண்டியம்மா பக்கம் தள்ளினார். ரசீதில் முத்திரை குத்தினார். "சாயங்காலம் நானே வாரேன். வேலிய எடுக்கச் சொல்லிருவோம்."

செல்வி அன்றைய பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்தார். தன்னால் நடந்ததை ஆய்வில் சேர்க்கக் கூடாதாம். சென்னையில் உட்கார்ந்து எழுதிய என் வரிகளில் ஒன்றைக்கூட நான் இப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

வாசலில் பாண்டியம்மா கேட்டார்: "நான் வந்து நின்னது உன் நோட்டுல இருக்கா?"

"அடிச்சுட்டேன்க்கா."

"போகுது விடு. எங்கிட்ட எழுத்து இருக்கு."

ரசீதைக் காட்டிவிட்டுச் செல்போனை எடுத்தார். "அண்ணே, காலையில மிஷினக் கொண்டாந்துரு. பாதை தொறந்து கெடக்கும்."