கட்டைவிரல் ரேகை படிந்த பக்கம்

பழைய அறிவியல் நாவல்களில் இன்றும் படிக்கத் தக்கது எது என்று கேட்டிருந்தீர்கள். பதில் எழுத உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்தேன். நடுப்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, சிவப்புப் பெயின்டில். என்னுடையதுதான். சட்டென்று மூடிவிட்டேன். மூடியும் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை.

இளவயதில் வெள்ளிமலைப் பக்கம் நிலம் அளக்கும் குழுவில் தினக்கூலி நான். அளவுச் சங்கிலி இழுப்பேன், எல்லைக்கல் நட்டுச் சிவப்பில் எண் எழுதுவேன். ஓய்ந்தால் நாவல். கலப்பை பிடிக்கத் தெரியாது. செவ்வாய்க்கு வழி தெரியும் என்ற திமிர் மட்டும் உண்டு.

பக்கத்துச் சாமைக் கொல்லையில் பரண்மேல் உட்கார்ந்து, தகர டின்னைத் தட்டிக் குருவி ஓட்டுவார் வெள்ளையம்மா. நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. அந்தக் கொல்லைதான் சோறு. அதற்குப் பட்டா கிடையாது.

"இன்னா தம்பி, புஸ்தகத்துக்குள்ளயே பூந்துக்கினு கீற?"

கதையைச் சொன்னேன். வானத்திலிருந்து ஒரு கப்பல் வந்து ஊருக்கு மேலே நிற்கிறது, நாள்கணக்காக.

"சுட்டாங்களா?"

"இல்லீங்க."

"ஆளத் தூக்கினு போனாங்களா?"

"அதுவும் இல்லீங்க. சும்மா பாத்துக்கினு இருக்காங்க."

டின் சத்தம் நின்றது. "அளந்தாங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சுடறவன்னா ஓடிப்புடலாம். அளக்கறவங்கிட்ட எங்க ஓடறது?" கொல்லை ஓரத்தைக் காட்டினார். "காலைல அங்க ஒரு கல்லு மொளச்சிக்கீது. யாரு நட்டதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுங்க."

விரலில் பெயின்ட் இன்னும் காயவில்லை. புத்தகத்துக்குள் கையை மறைத்தேன். ரேகை விழுந்தது அப்போதுதான். அந்தக் கல்லால் அவர் கொல்லை அரசுக் காட்டு எல்லைக்குள் போய்விட்டது என்பதும், ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அவகாசம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். வாயைத் திறக்கவில்லை.

அந்த நாவலில் ஓர் உள்ளூர்க்காரன் வருவான். கப்பலில் ஏறி, யார் நிலம் எதுவரை என்று வந்தவர்களுக்குக் காட்டிக்கொடுப்பவன். அன்று அவனைக் கதையை நிரப்ப வந்தவன் என்று நினைத்துப் பக்கங்களைத் தள்ளிவிட்டேன். இன்று அவன் பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. படிக்கத் தக்கது எது என்றால், இதுதான். தனியாக இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

போன மாதம் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போனேன். கொல்லை இருந்த இடத்தில் கம்பி வேலி, உள்ளே வரிசையாக மரங்கள். பரண் இல்லை, டின் சத்தம் இல்லை. டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"வெள்ளையம்மாவா? கல்லு நட்டப்புறம் ஒரு வெள்ளாமதாங்க எடுத்தாங்க. கேரளாவுக்கு மொளவு பறிக்கப் போனாங்க. திரும்பல."

தலைக்கு மேலே வண்டு போல ஒரு ரீங்காரம். சின்ன டிரோன் ஒன்று அசையாமல் நின்றது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அளக்கறாங்க."

இப்போது சங்கிலி இல்லை, கல் இல்லை. யார் நட்டது என்று கேட்டால், தெரியாது என்று பொய் சொல்லக்கூட எதிரே ஓர் ஆள் இல்லை.

கட்டைவிரலை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.